அக்கா மூழ்கவிடாத பெண்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் எங்கள் அக்காவின் குரலைக் கேட்டவர்கள். அந்தக் குரலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது விருதுநகர் பக்கம். அப்பாவுக்குச் சுரங்க வேலை பெர்மனன்ட் ஆனதும் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். எழுபதுகளின் நடுவில் எங்கள் கடைசித் தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். அம்மா சாப்பாட்டையும் பேச்சையும் விட்டுவிட்டார். பள்ளி இறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அக்காதான் அடுப்படியையும் எங்களையும் பார்த்துக்கொண்டார்.

அப்போது வார இதழில் ஒரு சரித்திர நாவல் தொடராக வந்துகொண்டிருந்தது. பூம்புகாரிலிருந்து யவன நாட்டுக்குப் போகும் கப்பல், கடற்கொள்ளையர், வாள் சண்டை. மாலையில் அக்கா அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். எதிலும் ஒட்டாத அம்மா, மாலுமியின் சின்ன மகளிடம் மட்டும் ஒட்டிக்கொண்டார். "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பார்.

ஒரு வாரம் கதாசிரியர் அவளைப் புயலில் மூழ்கடித்துவிட்டார். புண்ணியவான், எங்கள் வீட்டைக் கேட்டுக்கொண்டா எழுதுகிறார்! அக்கா இதழைப் பார்த்தபடியே, அவள் பாய்மரக் கட்டையைப் பிடித்துக் கரை சேர்ந்ததாக வாசித்தார். அன்று அம்மா இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வம்பு அதற்குப் பிறகுதான். அச்சில் இல்லாத ஒருத்திக்கு வாராவாரம் வேலை கொடுக்க வேண்டுமே! அக்கா அவளைச் சுக்கான் பிடிக்க வைத்தார். கொள்ளையர் கப்பலில் ஓட்டை போட வைத்தார். அந்த இதழை வாங்கும் வீடுகளுக்கெல்லாம் போய், "அம்மாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினார். பிளாக்கே வாயை மூடிக்கொண்டது. எதிர்வீட்டு அத்தை மட்டும் பஸ் நிறுத்தத்தில் அக்காவை மடக்குவார்: "என்னாமா, ஒன் பொண்ணு இந்த வாரம் என்னா பண்ணிகினு இருக்கா?" அக்காவும் சலிக்காமல் முழுக் கதையும் சொல்வார்.

அம்மா தேறினார். அக்கா தட்டச்சு படித்து, வேலைக்குப் போய், திருமணமாகிப் பக்கத்து பிளாக்குக்கே குடிபோனார். நோயில் கிடந்த கடைசி நாட்களில் தன் வலியையும் அம்மாவிடம் எங்களைச் சொல்லவிடவில்லை.

அக்கா போனதும் அம்மா பழையபடி சாப்பிட மறுத்தார். அந்த நாவல் இப்போது புத்தகமாக வந்திருக்கிறது. நூலகத்திலிருந்து எடுத்துவந்து வாசித்தேன். புயல் வந்ததும் என் குரல் நின்றுவிட்டது.

அம்மா கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "அந்தப் புள்ள செத்துட்டான்னுதானே போட்டிருக்கு? அன்னைக்கே அக்கா மூஞ்சியில தெரிஞ்சிருச்சுடா. நீ அவ படிச்ச மாதிரி படி."

அக்காவைக் கண்போல் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும், மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த பிளாக் மக்களுக்கும் என்றும் நன்றி உடையோம். இன்னும் ஓர் உதவி வேண்டும். அக்கா வாசித்ததில் எனக்குப் பாதிகூட நினைவில்லை. கரை சேர்ந்த பிறகு அந்தப் பெண் என்னவெல்லாம் செய்தாள் என்று தெரிந்தவர்கள், ஒரு மாலை வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சொல்லுங்கள்.