கரையாத யூரியா மணிகள்

பாப்பாமோட்டையில் ஒரு சோளத் தோட்டத்தின் நடுவே குந்தியிருந்து, இனி எந்தத் தொழிலுக்குப் போகலாம் என்று நான் யோசித்த காலை ஒன்று உண்டு. பேசாலைக்குப் போய்க் கருவாடு காயவைக்கலாம் என்று முடிவெடுத்தும் விட்டேன்.

அது போர் முடிந்த மீள்குடியேற்றக் காலம். நான் அடம்பன் பக்கத்து விவசாயப் போதனாசிரியர். செல்வராணி அக்கா தமிழ்நாட்டு முகாமிலிருந்து பிள்ளைகளோடு திரும்பி, பற்றைக்காடு வெட்டி, அரை ஏக்கரில் முதல் தடவையாகச் சோளம் போட ஆயத்தமானார். அந்த ஒரு அறுவடையை நம்பித்தான் வீட்டுக் கூரையும் அடுத்த போகமும். அப்படிப்பட்ட காணியில்தான் நான் பரிசோதனை செய்யக் கேட்டேன். என் வாய் அப்படி.

நடுவில் கயிறு கட்டினோம். ஒரு பாதிக்கு வழமையான யூரியா, தவணை தவணையாக. மறுபாதிக்குப் பூச்சுப் பூசிய யூரியா. விதைக்கும்போது ஒருதரம் மண்ணுக்குள் வைத்தால் நைதரசன் மெல்ல மெல்லக் கசியும்.

"ஒருக்காப் போட்டால் காணுமோ சேர்?"

"காணும் அக்கா. நான் பொறுப்பு."

மூன்றாம் கிழமை வழமைப் பாதி கரும்பச்சை. பூச்சு யூரியா போட்ட என் பாதி வெளிறல். "உங்கட பக்கம் காய்ச்சல்காரன் மாதிரி நிக்குது" என்றார் அக்கா. நான் சிரித்துச் சமாளித்தேன்.

வழமைப் பாதிக்கு இரண்டாம் தவணை போட்ட மறுநாள் மழை பிடித்தது. ஒரு கிழமை விடவில்லை. வெள்ளம் வடிந்த காலையில், வெளிறிய பாதிக்குப் போடலாம் என்று யூரியா மூட்டை ஒன்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓடினேன். நேரே என் பாதிக்குள் புகுந்து, குந்தி, மண்ணைக் கிளறினேன். வைத்த மணிகள் வைத்தபடியே உருண்டையாகக் கிடந்தன. ஒன்றுகூடக் கரையவில்லை. கருவாட்டு யோசனை அப்போது வந்ததுதான்.

"என்ன சேர், காசு கீசு விழுந்திட்டுதோ?" அக்கா பின்னால் நின்றார்.

"அக்கா, பசளை கரையேல்ல. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் ஒரு மணியை எடுத்து நகத்தால் நசித்தார். தண்ணீர்தான் வந்தது. "இது வெறும் தோல். உள்ள இருந்தது போனாலும் தோல் கிடக்கும் எண்டு நீங்கள்தானே வகுப்பில சொன்னனீங்கள்?"

சொல்லியிருந்தேன். படம் கீறியும் காட்டியிருந்தேன்.

இன்னும் ஆறு மணிகளை நசித்தோம். இரண்டில் மட்டும் கொஞ்சம் யூரியா மிச்சம் இருந்தது.

"இனி எழும்பி நிண்டு பாருங்கோ."

எழும்பினேன். என்னைச் சுற்றிப் பச்சை. கயிற்றுக்கு அப்பால், அடியிலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகி வந்தன. அந்தப் பக்கத்துத் தவணையை மழை கழுவிக்கொண்டு போயிருந்தது. வந்ததிலிருந்து நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

"கொண்டுவந்த மூட்டையை அங்காலப் பக்கம் போடுங்கோ."

"அக்கா, இது பரிசோதனை..."

"பரிசோதனை உங்களுக்கு. வயிறு எங்களுக்கு."

போட்டேன். அப்படியும் வழமைப் பாதியில் சோளப் பொத்திகளின் நுனி பொக்கையாகவே இருந்தது. பூச்சு யூரியாப் பாதியில் நுனிவரை மணி. விளைச்சல் இரண்டு சாக்குக் கூடுதல். மழை குறைந்த போகங்களில் இவ்வளவு வித்தியாசம் வராது என்பதையும் பின்னர் கண்டேன். ஆனால் அந்த வருடம் கூரை ஏறியது.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு: பயம் வந்தால் குந்தாதீர்கள். நின்று இலையைப் பாருங்கள்.

அடுத்த போகம் போனபோது அரை ஏக்கருக்கும் பூச்சு யூரியாதான்; எங்கும் ஒரே பச்சை.

"கயிறு எங்க அக்கா?"

"ஆடு கட்டியிருக்கு."