தமிழைக் காதில் வாங்காதே என்றேன்

பிள்ளைகளே, நான் பத்தாவது வரை தமிழில் படித்தவன். புத்தூரில் ஒரு கடையில் பழுதான மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறேன். என் மகளுக்கு நான் செய்த ஒரு தப்பை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

அவள் ஸ்ரீரங்கத்தில் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. அங்கே தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டுக்கும் ஒரே அறை, ஒரே டீச்சர். ஜன்னல் பக்கம் ஆங்கில வழிப் பிள்ளைகள், கதவுப் பக்கம் தமிழ் வழி. டீச்சர் பாடத்தை ஆங்கிலத்தில் நடத்திவிட்டு, அதையே தமிழிலும் நடத்துவார்.

இந்த வருஷம்தான் மகளை ஆங்கில வழிக்கு மாற்றினேன். முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்: "டீச்சர் தமிழ்ல ஆரம்பிச்சா நீ காதுல வாங்காத. ரெண்டும் கலந்துடும்."

காயிலில் பூச்சு போய் இரண்டு கம்பி உரசினால் மோட்டார் எரிந்துபோகும். படிப்பும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

காலாண்டுத் தேர்வில் அறிவியலில் பெயில். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க சார். இவள மறுபடி தமிழ் வழிக்கே மாத்திடலாம்னு இருக்கேன்."

மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் டீச்சர், படிச்சிடுறேன் டீச்சர்."

"வீட்ல மடமடன்னு ஒப்பிக்கிறாளே டீச்சர்" என்றேன்.

"எங்க, மின்சாரப் பாடத்தச் சொல்லு பார்ப்போம்."

மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கேள்விய மாத்திக் கேட்டா இத வெச்சு எழுத முடியாது. சரி, தமிழ்லயே சொல்லு. சுவிட்சைப் போட்டா லைட்டு ஏன் எரியுது?"

மேலே எரிந்த விளக்கைப் பார்த்தாள். "தெரியல டீச்சர்."

"தமிழ்ல நடத்தும்போதெல்லாம் தலையக் கவுத்து என்னமோ எழுதிக்கிட்டே இருக்கா சார். திமிருன்னு நினைச்சேன்."

"எங்கப்பாதான் கேக்கக் கூடாதுன்னு சொன்னாரு" என்று அழுதுவிட்டாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். "ரெண்டு தடவை தொண்டை வறள கத்துறேனே, எதுக்குன்னு நினைச்சீங்க சார்? கதவுப் பக்கத்துப் பிள்ளைங்ககூட இங்கிலீஷக் கேட்டு நாலு வார்த்தை புடிச்சுக்குதுங்க. உங்க பொண்ணு மட்டும் காத மூடிக்கிட்டு உக்காந்திருக்கா."

"தப்பு என்னோடது டீச்சர். அவள மாத்தாதீங்க."

"அரையாண்டு வரைக்கும் பார்க்கிறேன்" என்றார்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள்: "விட்டுப்போன பாடத்துக்கெல்லாம் என்னப்பா பண்றது?"

திரும்பிப் போய், தமிழ் வழி அறிவியல் புத்தகம் ஒன்றை டீச்சரிடம் கேட்டு வாங்கினேன். இரண்டு புத்தகத்திலும் அதே படங்கள்தான். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் நான் தமிழில் வாசிப்பேன். அவள் தன் புத்தகத்தில் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் இருப்பதை ஆங்கிலத்தில் வாசிப்பாள். புரியாத இடத்தை மறுநாள் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வருவாள். சில நாள் எனக்கு அலுப்பில் கண் சொருகும். "அப்பா, வரியத் தாண்டிட்ட" என்று அதட்டுவாள்.

டீச்சர் கூப்பிட்டுக் காட்டிய அரையாண்டு விடைத்தாளில் நிறையச் சிவப்புக் கோடுகள். பயந்துபோனேன்.

"இங்கிலீஷ் தப்பும் தவறுமா இருக்கு சார்" என்றார் டீச்சர். "ஆனா விஷயம் சரியா இருக்கு, சொந்தமா எழுதியிருக்கா. ஜன்னல் பக்கமே இருக்கட்டும்."

பஸ்ஸில் மகள் கேட்டாள்: "அப்ப நீ சொன்னதக் கேக்காம இருந்திருந்தா காலாண்டுலயே பாஸாகியிருப்பேன்ல?"

ஆமாம் என்றேன்.