சனிக்கிழமை மூன்று மணி மீன்

எங்கள் ஏரியைச் சுற்றி இலை உதிரத் தொடங்கினால் வால்ஐ என்கிற மீன் கரையோரப் பாசியை விட்டு ஆழத்துக்கு இறங்கிவிடும். எந்த ஆழம், எந்தப் பாறை என்பதுதான் கேள்வி. மின்னசோட்டா மாநிலத்தின் இந்த வடகோடியில் குடும்பச் சண்டையைக்கூட வாய்விட்டுச் சொல்வார்கள், மீன் கிடைத்த இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். தூண்டிலுக்கு இரைமீன் விற்கும் எனக்கே இந்தக் கதிதான்.

இவர்களில் பெரிய அழுத்தக்காரி சைமா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அக்டோபரில் சனிக்கிழமை மூன்று மணிக்குப் படகெடுத்தால் நாலரைக்குள் ஆறு மீனோடு வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை போனால் அவளும் வெறுங்கைதான். மீன் என்ன கிழமை பார்த்தா கடிக்கிறது? எனக்கு மண்டை குடைச்சலாக இருந்தது.

எதிர்க்கரையில் தனியாக இருக்கும் தங்கை ஹில்யாவோடு அவளுக்கு அப்போது ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. அப்பா போனபிறகு அக்காவுக்குப் படகு வந்தது, தங்கைக்கு வீடும், விறகடுப்பு மூட்டி நீராவியில் குளிக்கும் சவுனாக் குடிசையும். நல்லதெல்லாம் மற்றவளுக்கே போய்விட்டது என்று இருவருக்கும் வயிற்றெரிச்சல்.

எழுபத்தெட்டாம் வருஷ அக்டோபரில் ஒரு சனிக்கிழமை சைமாவின் எஞ்சின் மக்கர் செய்தது. வேறு வழியில்லாமல் என் படகில் ஏறினாள்.

"ஆர்னே, நீ திரும்பி உக்காரு. நான்தான் ஓட்டுவேன்."

"என் படகுலயே எனக்கு இந்த மரியாதையா?"

"வாயை மூடிட்டு வந்தா உனக்கு ரெண்டு மீன். இல்லாட்டி இறங்கிக்க."

வாயை மூடினேன், ஆனால் கழுத்தைத் திருப்பாமல் இருக்க முடியவில்லை. நடு ஏரியில் எஞ்சினை அணைத்துவிட்டு எதிர்க்கரை ஊசியிலை மரங்களையே பார்த்தபடி இருந்தாள். ஈயக்குண்டுத் தூண்டிலில் இரைமீனைக் கோத்து அடிவரை இறக்கினோம். மெல்லத் தூக்கி, மெல்ல விட்டோம். அரைமணி ஆகியும் ஒரு கடி இல்லை.

"ஏரி புரண்டிருச்சு போல" என்றேன். குளிரில் மேல்தண்ணீர் கீழே போய் அடித்தண்ணீர் மேலே வந்தால் மீன் சிதறிப்போகும்.

"புரண்டா அழுகல் நாத்தம் வரணும். மோந்து பாரு."

ஒரு கை அள்ளினேன். தெளிவாக இருந்தது, நாற்றமும் இல்லை.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. நாமதான் இடம் தப்பி நிக்கிறோம்" என்றாள். பிறகு முணுமுணுத்தாள். "புகையக் காணோம்."

"எந்தப் புகை?"

அவளுக்குச் சொல்ல மனமே இல்லை. "நம்ம கரையில இருக்கிற பிளந்த பாறை என் முதுகுக்கு நேரா இருக்கணும். ஹில்யா சவுனாப் புகை மூக்குக்கு நேரா வரணும். அதுதான் இடம். சனிக்கிழமை மூணு மணிக்குப் பத்த வைப்பா."

இத்தனை வருஷப் புதிர் இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல்கூட இருப்பார்கள், சனிக்கிழமை சவுனாவை விடமாட்டார்கள்.

"ஜுரத்துலகூடப் போட்டவ அவ" என்றாள் சைமா. தூண்டிலைச் சுருட்டக்கூட இல்லை, நூலை அறுத்துவிட்டு எஞ்சினை முடுக்கினாள்.

எதிர்க்கரையில் சவுனாவுக்குப் பக்கத்தில் விறகு அடுக்கு சரிந்து, ஒரு கட்டைக்கடியில் கால் மாட்டிக் கிடந்தாள் ஹில்யா. காலையிலிருந்து அப்படியே கிடந்திருக்கிறாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் கட்டையைத் தூக்க, சைமா தன் மேல்கோட்டைக் கழற்றித் தங்கையைச் சுற்றினாள்.

"விறகு அடுக்குற லட்சணமா இது?" என்று அதட்டியபடி பொத்தான்களை மாட்டிவிட்டாள்.

"மீன் கிடைச்சுதா?" என்றாள் ஹில்யா.

"எங்க கிடைக்கும்? நீதான் புகை போடலையே!" சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஹில்யாவுக்கு ஆச்சரியமே இல்லை.

"தெரியும்க்கா. மப்பும் மந்தாரமுமா இருக்கிற நாள்ல ஈர விறகாப் போடுவேன். புகை கெட்டியா ஏறினாத்தானே உனக்குக் கண்ணுல படும்?"

ஈர விறகு போட்டால் சவுனா சூடேற இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும், கண்ணெல்லாம் எரியும். அது சைமாவுக்கும் தெரியும். தங்கையின் வீங்கிய காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள்.