கன்னியப்ப ஆசாரி அரக்கோணத்தில் எடுத்த சின்ன இழைப்புளி

கன்னியப்ப ஆசாரிக்கு ஆம்பூரில் இரண்டு விதமான வேலை வரும். ஒன்று தோல் பதம் போடுகிற ஷாப்பு வேலை. தொட்டிக்கு மூடி, தோல் காயப்போடச் சட்டம், சுண்ணாம்புக் குழி ஓரத்துக்குப் பலகை என்று எல்லாம் முரட்டு வேலை. செய்து போட்ட மறுநாளே நாற்றம் ஏறிவிடும், ஒருத்தனும் நின்று பார்க்க மாட்டான். இன்னொன்று சாயபுமார் வீட்டுக் கல்யாணக் கட்டில், கதவு, பீரோ. இது எப்பவோ ஒரு தடவைதான் வரும். மனுசனுக்கு உயிர் அதிலேதான். வேறு ஆசாரி செய்த கதவு எந்தத் தெருவில் இருந்தாலும் நின்று தடவிப் பார்த்து, "இவன்லாம் உளி பிடிச்சு இன்னா பண்ணப்போறான்" என்று ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுக்கொண்டுதான் நகருவார்.

வெள்ளைக்காரன் சண்டை முடிந்து ஏழெட்டு வருசம் ஆகியிருக்கும். மக்பூல் அகமது சாயபுவின் ஷாப்பில் லண்டனுக்குப் போகிற ஆட்டுத்தோலுக்கென்று தனியாக ஒரு தேய்ப்பு மேசை கேட்டார்கள். பதம் போட்ட ஈரத்தோலை மேசையில் விரித்து, மரப்பிடியில் கல்தகடு பதித்த தேய்ப்புக் கட்டையால் அழுத்தித் தள்ளித் தள்ளிச் சுருக்கம் எடுக்கிற வேலை. அந்த மேசைக்கு இரும்பு ஆணி கூடாது. மரப்பட்டை ஊறவைத்த பட்டைத்தண்ணி குடித்த தோல் இரும்பைத் தொட்டால் கறுத்துப்போகும். மர முளைதான் அடிக்க வேண்டும். இதெல்லாம் கன்னியப்பனுக்குத் தெரியாதது இல்லை.

மேசை யாருக்கென்று கேட்டதற்குத் தேவசகாயத்துக்கு என்றார்கள். பன்னிரண்டு வருசமாகத் தேய்க்கிறவன். ஷாப்பிலேயே நல்ல கை. அவனே ஒருநாள் பட்டறைக்கு வந்து, கூரைக்கு வெளியிலேயே நின்று பேசினான்.

"ஆசாரியாரே, கால் எப்படி இருந்தாலும் சரி. ஓரம் மட்டும் வழவழன்னு உருட்டிக் குடுங்க."

"இன்னாத்துக்குடா ஓரத்துக்கு இவ்ளோ ஜோரு?"

"தோலு பாதி தொங்கும் இல்ல? அது நழுவாம இருக்க நான் வயித்தை வச்சு மேசையோட அமுக்கிக்குவேன். எந்நேரமும் ஓரத்துக்கும் என் வயித்துக்கும் நடுவுலதான் தோலு. ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு இருந்தாலும் அது தோலுல விழுந்துடும்."

"ஒன் வயித்துக்கு மெத்தை தச்சுக் குடுக்கட்டுமா?"

தேவசகாயம் சிரித்தான். "ஓரத்தை உருட்டிக் குடுத்தாப் போதும் ஆசாரியாரே. மெத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

அதுவரைக்கும் ஓரம் உருட்டுவதென்றால் பெரிய இழைப்புளியால் முனையை முறித்து, அரத்தால் ராவி, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி எடுப்பார். மணிக்கட்டு விட்டுப்போகும். அந்தச் சமயத்தில்தான் அரக்கோணத்தில் ரயில் பெட்டி வேலை பார்த்து ஓய்ந்த வெள்ளைக்காரத் துரை ஒருத்தன் தன் கருவிகளை விற்கிறான் என்று காதில் விழுந்தது. ஓரம் உருட்டவே செய்த சின்ன இழைப்புளி இருக்கிறதாம். ரயிலேறிப் போனார்.

அந்த ஆள் கோணிமேல் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற இழைப்புளி இரண்டு. ஒன்றை எடுத்துக்கொள், மற்றது என் மகனுக்கு என்று கறாராகச் சொன்னான். ஓட்டிப் பார்க்க ஒரு தேக்குத் துண்டும் கொடுத்தான்.

முதலாவது சாதாரணமாக இருந்தது. அடிப்பக்கம் குழிவாகக் கடைந்திருந்தது, அவ்வளவுதான். ஓட்டியதும் ஓரம் உருண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் பலகையின் முகம் எங்கே முடிந்தது, ஓரம் எங்கே தொடங்கியது என்று தெரியாது. மேசைக்கு இதுதான் என்று அந்த இடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு இரண்டாவதை ஓட்டினார். அதுவும் உருட்டியது. ஆனால் உருட்டலை ஒட்டி மெல்லிசாக ஒரு படியும் வெட்டிக்கொண்டு போனது. நூல் பிடித்துக் கோடு இழுத்த மாதிரி, நிழல் விழுகிற ஓரம். கட்டில் சட்டத்தில் இந்த ஓரம் போட்டால் மேல்விஷாரத்துப் பணக்காரர் வீட்டிலிருந்து ஆள் தேடி வரும் என்று மனசு சொன்னது. இதுவரை அவர் தடவிப் பார்த்து ஏளனம் பண்ணிய கதவெல்லாம் கண்முன்னே வந்து நின்றது.

மேசை ஒண்ணே ஒண்ணுதானே, இதாலேயே உருட்டிவிட்டு அந்தப் படியைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டிவிட்டால் போச்சு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இரண்டாவதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். வழியெல்லாம் அதை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தபடியே ஊர் வந்து சேர்ந்தார்.

மேசை முடிந்தது. ஓரத்தை ஓட்டினார். படியைச் சுரண்டக் கண்ணாடிச் சில்லைத் தேடிக்கொண்டிருந்தபோது ஷாப்பு மேஸ்திரி வேதாசலம் வண்டியோடு வந்துவிட்டார். ஓரத்தைப் பார்த்து நின்றவர், "இன்னா ஆசாரி, தோல் தேய்க்க மேசை கேட்டா நவாபு வூட்டுக்கு அனுப்புற மாதிரி பண்ணி வச்சிருக்கே!" என்றார்.

தோல் ஷாப்பு வேலையை ஒருத்தர் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. கன்னியப்பன் கண்ணாடிச் சில்லைத் தேடுவதை விட்டுவிட்டார். அந்தப் படியோடு மேசை வண்டியேறியது.

கொஞ்ச நாள் ஒரு பேச்சும் இல்லை. ஒரு வியாழக்கிழமை மாலை தேவசகாயத்தின் பெண்சாதி சவுரியம்மாள் பட்டறைக்கு வெளியே வந்து நின்றாள். கையில் துணி சுற்றிய தேய்ப்புக் கட்டை.

"ஆசாரியாரே, இதைக் கொஞ்சம் பாருங்க. இதுல இன்னா கோளாறுன்னு தெரியல."

"இன்னாம்மா ஆச்சு?"

"அவரு தேய்ச்ச தோலெல்லாம் காஞ்சதும் கோடு தெரியுதாம். முடி மாதிரி ஒரு கோடு. லண்டன் மாலு அத்தினியும் கழிச்சுப் போட்டாங்க. கல்லு முனை பேந்து பல்லு விட்டிருக்கு, அதைக்கூடப் பாக்காம தேய்ச்சிருக்கான்னு மேஸ்திரி கத்தினாராம். இன்னிக்கிலேர்ந்து சுண்ணாம்புக் குழிக்குப் போட்டுட்டாங்க. கல்லைச் சரி பண்ணிக் காட்டினா மறுபடி மேசைக்கு எடுத்துக்குவாங்களான்னு…"

கன்னியப்பன் கட்டையை வாங்கினார். கல்தகட்டின் முனையில் கட்டைவிரலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓட்டினார். வெண்ணெய். ஒரு முள்ளும் இல்லை. எந்தக் கோடு, எங்கேயிருந்து வந்தது என்று அந்த நிமிசமே அவருக்குத் தெரிந்துபோனது. வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் சாயபு ஷாப்பு வேலை போகும், ஊர் சிரிக்கும். கட்டில் செய்யத் தெரிந்த கைக்கு ஒரு மேசை செய்யத் தெரியவில்லை என்பார்கள்.

"ஆமாம்மா. கொஞ்சம் பல்லு விட்டுத்தான் இருக்கு" என்றார்.

சவுரியம்மாள் முகம் சுருங்கிப்போனது. "அப்போ அவரு மேலதான் தப்பா?"

கன்னியப்பன் கோளாறே இல்லாத கல்லைத் தண்ணி ஊற்றித் தேய்க்கிற மாதிரி தேய்த்து, துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு அவரைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஷாப்புக்கு லீவு, எல்லோரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள். கன்னியப்பன் பையில் அரமும் கண்ணாடிச் சில்லும் போட்டுக்கொண்டு போனார். காவலுக்கு இருந்த சர்தார் பாஷா, "இன்னா ஆசாரி, லீவு நாள்ல?" என்றான்.

"மேசைக் கால் ஆடுதாம்பா. முளை அடிச்சுட்டு வந்துடறேன்."

ஒரு ஆளும் இல்லாத கொட்டகையில் குனிந்து, அந்தப் படியைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். கோடு போய் ஓரம் உருண்டு வந்தது. ஈரத்துணி போட்டுத் தேய்த்தார். புது மரம் தெரியாமல் இருக்கத் தொட்டியிலிருந்து பட்டைத்தண்ணி மொண்டு பூசினார். இனிமேல் கோடு விழாது, தானாகவே எல்லாம் சரியாகிவிடும் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சரியாகத்தான் ஆனது. சனிக்கிழமை அந்த மேசையில் முனிரத்தினம் என்கிற வேறொருத்தனை நிறுத்தினார்கள். அவன் தேய்த்த தோல் காய்ந்ததும் கண்ணாடியாக இருந்தது. ஒரு கோடு கிடையாது. மேஸ்திரி வேதாசலம் கடைத்தெருவில் கன்னியப்பனைக் கண்டு தானாகவே சொன்னார்:

"பாத்தியா ஆசாரி, அந்தத் தேவசகாயம் போனான், கோடும் போய்ட்டிச்சு. இத்தினி நாளு அவன் கையை நம்பிக்கினு இருந்தோமே. இனி ஜென்மத்துக்கும் அவன் மேசையைத் தொடக் கூடாதுன்னு சாயபு சொல்லிட்டாரு."

அப்போதுதான் கன்னியப்பனுக்கு உறைத்தது. மேசையில் கோடு இருந்த வரைக்கும் அந்த ஆளுக்கு ஒரு வழி இருந்தது. இன்னொருத்தன் தேய்த்தாலும் கோடு விழுந்திருக்கும், தப்பு மேசை மேல் என்று ஒரு நாளில் தெரிந்திருக்கும். அந்த வழியையும் இவர் போய் இழைத்து அடைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அன்றைக்குச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பெண்சாதி அமிர்தவள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டுத் தட்டை எடுத்தாள்.

"என்கிட்ட சொல்லி இன்னா பண்றது? நான் இன்னா ஷாப்பு மொதலாளியா?"

"சொன்னா அங்க வேலை போய்டும்டி."

"அந்தாளுக்குப் போய்ட்டிச்சே, அது?" என்றாள். அடுப்படியில் பாத்திரம் மட்டும் சத்தமாக உருண்டது.

விடிந்ததும் சின்ன இழைப்புளியை எடுத்துக்கொண்டு ஷாப்புக்குப் போனார். போகிற வழி சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டித்தான். தேவசகாயம் முழங்கால் வரைக்கும் வெள்ளையாக நின்று கழியால் தோலை இழுத்துக்கொண்டிருந்தான். "வாங்க ஆசாரியாரே" என்றான். கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

தான் ஓரத்தில் வெட்டிய படியால்தான் தோலில் கோடு விழுந்தது என்று சாயபுவிடம் சொன்னார். சாயபு கேட்டுவிட்டு மேசை ஓரத்தைத் தடவினார். "நல்லாத்தானே இருக்கு, கன்னியப்பா?"

"வெள்ளிக்கிழமை வந்து நான்தான் இழைச்சு எடுத்தேன் சாயபு."

மேஸ்திரி சிரித்தார். "தோஸ்துக்காகப் பொய் சொல்றான் சாயபு. அந்தப் பொம்பளை போய் அழுதிருப்பா. இவனுக்கு மனசு கேக்கல."

செய்த தப்பைச் சொல்ல வந்தவனை நல்லவன் ஆக்குகிறார்கள். கன்னியப்பன் இழைப்புளியை எடுத்தார். மேசையின் ஒரு பக்கத்து ஓரத்தில் வைத்து, தான் முதலில் ஓட்டிய மாதிரியே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓட்டினார். படி விழுந்தது. நிழல் விழுந்தது. அழகாகத்தான் இருந்தது.

"இந்தப் பக்கம் நின்னு முனிரத்தினம் ஒரு தோலைத் தேய்க்கட்டும். இன்னொண்ணை அந்தப் பக்கம் நின்னு தேய்க்கட்டும். காஞ்சதும் நீங்களே பாருங்க."

தேய்த்த தோல்களை நிழலில் காயப்போட்டார்கள். அடுத்த நாள் இரண்டு தோலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். ஒன்றில் முடி மாதிரி ஒரு கோடு. மற்றது சுத்தம். மேஸ்திரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சாயபு கன்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"கட்டில் ஓரத்தைக் கொண்டாந்து என் மேசையில வச்சியா?" என்றார். "அவனைக் கூப்பிடுங்க. அவன் முன்னாடியே சுரண்டி எடு."

தேவசகாயம் குழியிலிருந்து வந்து நின்றான். விரல் நுனிகளில் சுண்ணாம்பு தின்று தோல் உரிந்திருந்தது. விசயத்தைச் சொன்னார்கள். கோபப்படுவான், ஒரு வார்த்தையாவது திட்டுவான், வாங்கிக்கொள்ளலாம் என்று கன்னியப்பன் காத்திருந்தார். அவன் கேட்டது வேறு.

"அப்போ என் கல்லுல பல்லு விடலயா, ஆசாரியாரே?"

"இல்லப்பா."

"நீங்க பாத்துச் சொன்னீங்கன்னு அவ வந்து சொன்னாளே."

"பொய் சொன்னேன்."

தேவசகாயம் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தான். "ஓரம் நீங்க உருட்டினதாச்சேன்னு அதைத் தடவிக்கூடப் பாக்கல. பன்னெண்டு வருசமா தினமும் தடவிப் பாத்துத் தேய்ச்ச கல்லு. பல்லு விட்டது கைக்குத் தெரியலன்னா என் கையே செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கினேன். அதான் மறுபடி மேசை கேக்காம வாயை மூடிக்கினு குழியிலேயே கெடந்தேன்." கன்னியப்பன் மண்டி போட்டுக் கண்ணாடிச் சில்லால் சுரண்ட ஆரம்பித்தார். கையில் வெட்டு விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

தேவசகாயம் அந்த வாரமே மேசைக்குத் திரும்பினான். கன்னியப்பனுக்கும் ஷாப்பு வேலை போகவில்லை. வேறு ஆசாரி மர முளை அடித்து அவ்வளவு நெருக்கமாகப் பலகை சேர்க்க மாட்டான் என்று சாயபு வைத்துக்கொண்டார். சின்ன இழைப்புளியைக் கன்னியப்பன் தூக்கிப் போடவும் இல்லை. இழைப்புளி மேல் என்ன தப்பு? கட்டிலுக்கு அது நல்ல கருவிதான். மேல்விஷாரத்திலிருந்து ஆட்கள் வரவும் செய்தார்கள். ஓரத்தைத் தடவிப் புகழ்ந்தால் மட்டும் அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

ஷாப்புக்குப் போகும்போதெல்லாம் அவர் ஒன்றைப் பார்ப்பார். தேவசகாயம் முன்னே மாதிரி தேய்ப்பதில்லை. இரண்டு தள்ளு தள்ளுவான், நிறுத்துவான். தொங்குகிற தோலைத் தூக்கி முகத்துக்கிட்ட கொண்டுவந்து பார்ப்பான். விரலால் மேசை ஓரத்தைத் தடவுவான். மறுபடி இரண்டு தள்ளு. பக்கத்து மேசைக்காரர்கள், "தேவசகாயம் தோலுக்கு முத்தம் குடுக்குறான் டோய்" என்று கிண்டல் பண்ணுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். முன்னே அரைப் பொழுதில் முடித்த வேலை இப்போது இருட்டுகிற வரைக்கும் இழுத்தது.

வருசம் பல போன பிறகு ஒருநாள் கன்னியப்பனால் பொறுக்க முடியவில்லை. கிட்டே போய்ச் சொன்னார்.

"பாக்காதப்பா. ஓரம் நல்லாத்தான் இருக்கு. நான் தடவிட்டுத்தான் வர்றேன்."

"தெரியும் ஆசாரியாரே" என்றான் தேவசகாயம். தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "எனக்குத் தெரியுது. கைதான் கேக்க மாட்டேங்குது."