மூடியின் உட்புறம்

அருங்காட்சியகத்தின் பின்கட்டில், மாடிப்படிக்குக் கீழே, பன்னிரண்டடி அகலமும் பதினெட்டடி நீளமும் உள்ள தச்சறை ஒன்று இருந்தது. அதில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவரை இயக்குநர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோரும் பெட்டிக்காரர் என்றே அழைத்தனர். பழம்பொருள்கள் வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் போகும்போது அவற்றுக்குப் பெட்டி செய்து, உள்ளே ஃபோம் பதித்து, மூடி முடுக்கி அனுப்புவது அவர் தொழில். சிலைகளும் சாடிகளும் ஊர் ஊராகச் சுற்றின. அவர் அந்த அறையை விட்டு நகரவில்லை.

"நீங்க செஞ்ச பெட்டியெல்லாம் விமானத்துல பறக்குது. நம்ம வீட்டு அலமாரிக் கதவு பத்து வருஷமா சாத்த மாட்டேங்குது," என்பார் அவர் மனைவி.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பெட்டியை மூடுவதற்கு முன், மூடியின் உட்புற ஓரத்தில் தச்சுப் பென்சிலால் நாலைந்து வரி எழுதுவார்: தேதி, நேரம், பொருளின் எண், மரம், திருகாணிகளின் எண்ணிக்கை. அதன் கீழே அன்று நடந்தது ஏதேனும் ஒன்று. 'மழை. மரம் உப்பியிருக்கிறது. திறப்பவர் கவனிக்க.' 'சிலையின் மூக்கு ஏற்கெனவே இல்லை; நாங்கள் உடைக்கவில்லை.' 'இன்று எனக்குப் பெண் பிறந்தாள்.' இப்படி எழுதும்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை. அடுத்துத் திறக்கப்போகிறவன் முகந்தெரியாதவனாக இருக்கலாம். அவனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடவேண்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த எழுத்துக்கள்தாம் அவருக்கு வினையாக வந்து வாய்த்தன.

பழைய பொருள்களைக் கொண்டு புதிய படைப்புகளை ஆக்கும் கலைஞர் ஒருவரை அவ்வாண்டு அருங்காட்சியகம் அழைத்திருந்தது. நாற்பது வயதுப் பெண்மணி. கத்தரித்த தலைமுடி, எந்நேரமும் பையில் ஓர் அளவுநாடா. இதற்கு முன் ஒரு மருத்துவமனையின் கழித்துப்போட்ட கட்டில்களைக் கொண்டு ஒரு பாலம் கட்டியவர். கூடம் கூடமாக ஒரு வாரம் அலைந்தும் எந்தச் சிலையும் அவர் மனத்தில் நிற்கவில்லை. எட்டாம் நாள், காலிப்பெட்டி ஒன்றின் மூடியைத் தற்செயலாகப் புரட்டியவர், அதைத் தூக்கிக்கொண்டு தச்சறைக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, இது யார் எழுதினது?"

"நான்தான்மா. ஏன், தப்பா இருக்கா?"

"தப்பா? இந்தக் கட்டடத்துலயே இதுதான் உயிரோட இருக்கு! எத்தனை மூடி இருக்கும்?"

"கிடங்குல தொண்ணூறு, நூறு இருக்கும்."

"அத்தனையும் வேணும். நாலு சுவரும் மூடியாலயே ஒரு அறை. உள்பக்கம் எல்லாம் வெளிய பாக்கணும். நடுவுல ஒரே ஒரு பொருள்." அவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். "இந்தச் சாடி. ஒரு கைப்பிடி இல்லாம ஸ்டோர்ல மூலைல கிடக்கு. இல்லாத கைப்பிடியை உங்க பழைய ஸ்குரூவை எல்லாம் உருக்கிச் செய்யப்போறேன். சும்மா மாட்டிவைக்கறதுதான். சாடிக்கு ஒண்ணும் ஆகாது."

பெட்டிக்காரர் படத்தை ஒரு முறைதான் பார்த்தார். சாடியின் எண் நானூற்றுப் பன்னிரண்டு.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், அந்தச் சாடியைப் பெட்டியில் இறக்கும்போது அவர் முழங்கை பலகையின் விளிம்பில் இடித்தது. இடப்பக்கக் கைப்பிடி பழுத்த இலைக்காம்பு போல மென்மையாகக் கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. கத்தவும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. பிறகு செய்த காரியம்தான் பெரும் பிழை: உடைந்த துண்டை அதே பெட்டியில் போட்டிருந்தால் வழியில் உடைந்தது என்று போயிருக்கும்; அவரோ அதைத் துணியில் சுற்றி ஆணி டப்பாவின் அடியில் வைத்துக்கொண்டார். பெட்டி போய்ச்சேர்ந்த ஊரில் திறந்து பார்த்தார்கள். கைப்பிடியும் இல்லை, சில்லும் இல்லை. ஆகவே புறப்படும்போதே இல்லை என்று முடிவாயிற்று. 'இரு கைப்பிடிகள், முழுமை' என்று பதிவேட்டில் எழுதியிருந்த பதிவாளர் பொருளைப் பாராமலே எழுதினார் என்பது தீர்ப்பு. அந்த அம்மையாரைப் பதிவறையிலிருந்து எடுத்து நுழைவுச்சீட்டுச் சன்னலில் உட்காரவைத்தார்கள். அன்றுமுதல் அவர் டிக்கெட்டம்மா.

அன்று எல்லோரிடமும் உண்மையை மறைத்த பெட்டிக்காரரின் கை மூடியில் பொய்க்கவில்லை. வழக்கம்போலத் தேதியையும் திருகாணிக் கணக்கையும் எழுதிவந்த பென்சில், தன்போக்கில் அடுத்த வரியையும் எழுதி முடித்தது. எழுதியதைப் பார்த்துத் திடுக்கிட்டவர், அதன்மேல் விளிம்புவரை ஃபோமை ஒட்டி மறைத்தார். பின்னாளில் இரண்டு முறை இழைப்புளியை எடுத்துக்கொண்டு கிடங்கு வரை போனார். இரண்டு முறையும் திரும்பிவந்தார். அந்த விஷயத்தில் அவர் உண்மை பேசிய இடம் அது ஒன்றுதான். அதையும் சீவிவிட்டால் என்ன மிஞ்சும்?

நாள்தோறும் நாலு மணிக்கு டிக்கெட்டம்மா சன்னலைச் சாத்திவிட்டுத் தச்சறைக்குத் தேநீருடன் வருவார். பத்தொன்பது ஆண்டுகளாக வருகிறார். அவர் வாய்க்குப் பயந்து இயக்குநரே வேறு வழியாகப் போவதுண்டு.

"என்ன பெட்டிக்காரரே, உங்க கையெழுத்தைச் சுவர்ல மாட்டறாங்களாமே! நான் பதினாலு வருஷம் முத்து முத்தா பதிவேடு எழுதினேன், ஒருத்தரும் சட்டம் போட்டு மாட்டலை. கோழி கிளறின மாதிரி நீங்க எழுதினது கலையாம்!"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"என்ன ஒண்ணும் இல்ல? திறப்பு விழாவுக்குப் புதுச் சட்டை போட்டுக்கிட்டு வாங்க. எனக்கும் பெருமைதான்."

அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு உளியைத் தீட்டத் தொடங்கினார்.

கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. மூடிகள் மூன்று தவணையாக லாரியில் வந்தன. முதல் லாரியில் முப்பத்து நான்கு. இறக்கி முடிப்பதற்குள் ஒவ்வொன்றின் முதுகையும் அவர் பார்த்துவிட்டார்; நானூற்றுப் பன்னிரண்டு இல்லை. இரண்டாவது லாரி இரண்டு நாள் தாமதமாக வந்தது; அதிலும் இல்லை. அந்த இரண்டு நாளும் அவர் நெருப்பின்மேல் நின்றார். உளியை எடுப்பார், வைப்பார், வாசல்வரை போவார், வருவார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கை தானாகத் தட்டைப் புரட்டியது.

"தட்டுக்குப் பின்னால என்ன எழுதியிருக்கு?" என்றார் மனைவி.

"ஒண்ணும் இல்ல."

"அப்ப சோறு வைக்கலாமா? இல்ல அதையும் பின்பக்கம்தான் வைக்கணுமா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவியும் அதன்பின் சிரிக்கவில்லை.

மூன்றாவது லாரியில், கீழிருந்து நான்காவதாக, அது வந்தது. கலைஞர் மேல்தளத்தில் இருந்த நேரம் பார்த்து ஃபோமை உரித்தார். நான்கு மூலைகளில்தான் பசை. எழுத்து நேற்று எழுதியதுபோல் இருந்தது. இழைப்புளியை வரியின்மேல் வைத்தார். ஒரு தள்ளு போதும், சுருளாக வந்துவிடும். மூன்றாம் முறையாகவும் கை முன்னே போகவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. சீவவும் வேண்டாம், காட்டவும் வேண்டாம். மூடிகளைச் சுவராக முடுக்குபவர் அவரே. இதை மட்டும் புரட்டி முடுக்கிவிட்டால்? எழுத்து சுவரின் உள்ளே, யாருக்கும் தெரியாமல், ஆனால் அழியாமல் இருக்கும். இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று நெஞ்சு லேசாயிற்று. இடப்பக்கச் சுவர், மூன்றாவது வரிசை, எட்டாவது இடம். எட்டுத் திருகாணி.

மாலையில் கலைஞர் வந்து பார்த்தார். "இது ஏன் திரும்பியிருக்கு?"

"உள்ளே பசை அப்பி அசிங்கமா இருக்கும்மா. எழுத்தும் கிடையாது."

கலைஞர் பின்னால் நகர்ந்து நகர்ந்து, எதிர்ச்சுவரில் முதுகு இடிக்கும்வரை போனார். "நல்லா இருக்கே," என்றார் மெதுவாக. "இத்தனை பேச்சுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் வாயை மூடிக்கிட்டு நிக்குது. அப்படியே இருக்கட்டும் அண்ணே."

கண்காட்சி திறந்த பிறகுதான் தாம் செய்தது என்ன என்று பெட்டிக்காரருக்கு விளங்கியது. தொண்ணூற்றாறு மூடிகள். தொண்ணூற்றைந்தில் பென்சில் எழுத்து. ஒன்று மட்டும் முதுகு. அறைக்குள் நுழைந்தவர்களின் கண் முதலில் போனது சாடியின் திருகாணிக் கைப்பிடிக்கு அல்ல, அந்த முதுகுக்கு. அதன் எதிரே கூட்டம் நின்றது. 'என்னவோ மறைச்சிருக்காங்க' என்றார் ஒருவர். காதல் கடிதம் என்றாள் ஒரு கல்லூரிப் பெண். காவலரிடம் ஒரு நாளைக்கு நாற்பது பேர் அதைப் பற்றியே கேட்டார்கள். ஆளற்ற கிடங்கில் பத்தொன்பது ஆண்டுகள் பத்திரமாக இருந்ததை, விளக்குப் போட்டு நடுக்கூடத்தில் நிறுத்திவைத்தவர் அவரேதான்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. அது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

நான்காம் நாள் பகல் இடைவேளையில், டிக்கெட்டம்மா தேநீர் இல்லாமல் தச்சறை வாசலில் வந்து நின்றார். மூன்று நாளாகச் சன்னலை விட்டு நகர முடியாதபடி கூட்டம். அன்றுதான் அறையைப் பார்த்திருந்தார்.

"நானூத்திப் பன்னெண்டு ஏன் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது?"

பெட்டிகளின் வெளிப்புறத்தில் பொருளின் எண்ணைச் ஒரு சாண் அகலக் கறுப்பு எழுத்தில் அச்சிடுவது வழக்கம். அச்சிட்டவர் அவர்தான். உட்புறத்தை மறைப்பதிலேயே குறியாக இருந்தவர், வெளிப்புறம் பேசும் என்று நினைக்கவில்லை.

"பசை..." என்றார்.

"மத்த தொண்ணூத்தஞ்சுலயும் பசைதான் பெட்டிக்காரரே."

அவர் எழுந்தார். திருப்புளியை எடுத்துக்கொண்டார். பிறகு அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து ஆணி டப்பாவையும் எடுத்தார். இருவரும் நடைக்கூடத்தைக் கடந்தபோது ஆணிகள் கலகலத்தது மட்டுமே கேட்டது.

இடைவேளை என்பதால் அறையில் காவலர் ஒருவரே இருந்தார். பெட்டிக்காரர் எட்டுத் திருகாணிகளையும் கழற்றினார். மூடியைப் புரட்டி அதே இடத்தில் வைத்து, மேலே இரண்டை மட்டும் முடுக்கி, விலகி நின்றார். டிக்கெட்டம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பதிவேடு படிக்கும் பழைய முறையில், ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார்.

"பொருள் நானூத்திப் பன்னெண்டு. பைன் மரம். திருகாணி பன்னெண்டு. பகல் பதினொன்று பத்து. இடது கைப்பிடி... என் கையால் உடைந்தது. பதிவாளர் பார்த்தபோது முழுமையாக இருந்தது."

விரல் கடைசிச் சொல்லிலேயே நின்றது.

பெட்டிக்காரர் டப்பாவின் அடியிலிருந்து துணிச்சுருளை எடுத்து நீட்டினார். அம்மையார் அதைப் பிரித்தார். பெருவிரல் பருமனுள்ள, பழுப்பு நிறச் சுடுமண் வளைவு. உடைந்த முனையில் இன்னும் புதிய சிவப்பு.

"பத்தொம்பது வருஷம் டீ குடிச்சோமே," என்றார் டிக்கெட்டம்மா. குரல் உயரவில்லை. "ஒரு நாள், ஒரே ஒரு நாள், சொல்லணும்னு தோணலையா?"

"தினமும் தோணிச்சு."

"தோணி என்ன செய்யறது? எங்க அப்பா சாகறவரைக்கும் நான் வேலைல கவனமில்லாதவள்னுதான் நினைச்சிக்கிட்டிருந்தார்."

டிக்கெட்டம்மா கையை நீட்டினார். "பென்சில்."

காதிடுக்கில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மையார் மூடியின் அருகே போய், அவர் வரிக்குக் கீழே எழுதத் தொடங்கினார்.

"அம்மா, அம்மா!" காவலர் பதறி ஓடிவந்தார். "கலைப்பொருளைத் தொடக்கூடாதும்மா!"

"இது கலைப்பொருள் இல்லப்பா. என் பதிவேடு. தள்ளி நில்லு."

முத்து முத்தான எழுத்து. 'இடது கைப்பிடி, ஒன்று, பெற்றேன். அன்று எழுதிய பதிவு சரியானது.' தேதி, நேரம், கையொப்பம். முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்தபோது பென்சில் முனை ஒடிந்தது.

"இனி என்ன செய்யட்டும்?" என்றார் பெட்டிக்காரர்.

"மேல போங்க. டைரக்டர் இருக்கார். எல்லாத்தையும் சொல்லுங்க. நான் கூட வரமாட்டேன். அன்னைக்கு நான் தனியாத்தான் போனேன்." கைப்பிடியைத் துணியில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டார். "மூடியை முழுசா முடுக்கிட்டுப் போங்க. யார் தலைலயாவது விழப்போகுது."

"நாலு மணிக்கு டீ..." என்று அவர் வாயெடுத்தார்.

டிக்கெட்டம்மா அதற்குள் நடையைக் கட்டியிருந்தார்.

மீதி ஆறு திருகாணிகள். மூன்றாவதில் கை நழுவிக் கீழே உருண்டதைக் காவலர் எடுத்துக் கொடுத்தார். கடைசியை முடுக்கும்போது இடைவேளை முடிந்த மணி அடித்தது. வாசலில் வரிசை நகரத் தொடங்கியது. சன்னலிலிருந்து அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"மூணு பேரா? இடப்பக்கச் சுவர், மூணாவது வரிசை, எட்டாவது மூடி. முதல்ல அதைப் படிங்க. அப்புறம் மத்ததைப் பாக்கலாம்."

பெட்டிக்காரர் திருப்புளியைப் பையில் வைத்தார். அந்த மூன்று பேரும் உள்ளே வருவதற்குள் மாடிப்படியில் ஏறத் தொடங்கினார்.