தவறிப்போன வண்டிக்காக ஒரு ஸ்தோத்திரம்

தாராவி சபையாருக்கு, போன கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ஐந்து வயது மகளை ரயிலடியில் தொலைத்துவிட்டு நின்ற உங்கள் சகோதரன் ஞானசிகாமணி எழுதுவது. ஞானம் என் பெயரோடு நின்றுவிட்டது என்பதை இந்தச் சாட்சியைப் படித்து முடிக்கும்போது நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து என்னை ஆராதனையில் காணவில்லையே என்று பலர் கேட்டீர்கள். எங்கேயும் ஓடவில்லை ஐயா, வீட்டுக்குள்ளேதான் மூழ்கிக் கிடந்தேன். மூத்தவன் சாமுவேலுக்கு மணல்வாரி அம்மை போட்டது. அவன் எழுந்ததும் தானியேலுக்கு. அவன் எழுந்ததும் எஸ்தருக்கு. "வரிசையில நின்னு வாங்குததுக்கு இதென்ன ரேஷன் அரிசியா?" என்று கேட்டேன். என் மனைவி கிருபை சிரிக்கவில்லை. அவள் அப்போது நிறைமாதம். மூவரும் தேறிய கையோடு நாலாவது பிள்ளை பிறந்தாள். நான் பட்டறைக்குப் போனேன், வந்தேன், துணி துவைத்தேன், கஞ்சியைக் கரிய விட்டேன். ராத்திரி ஜெபத்தில் முழங்காலில் நின்றபடியே தூங்கிப் போனேன். "அப்பா ரொம்ப நேரம் ஜெபம் பண்ணுதாவ" என்று பிள்ளைகள் பெருமைப்பட்டார்கள். நானும் திருத்தவில்லை.

கடைசியில் எல்லாருக்கும் உடம்பு தேறியது. அம்பர்நாத்தில் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் கிருபையின் அண்ணன் வீட்டில் கிறிஸ்மஸ் கொண்டாடப் புறப்பட்டோம். ஒரு டின் நிறைய முந்திரிக்கொத்து, பாசிப்பயற்று மாவில் வெல்லம் சேர்த்து உருட்டிய பலகாரம். வெல்லம் கிடைக்காத இந்த யுத்த காலத்தில் கிருபை எப்படியோ தேற்றிச் செய்தது. அந்த டின்னை என் கையில் கொடுத்தாள். அது அவள் செய்த முதல் தவறு.

பம்பாயில் நம் குடும்பங்கள் ரயில் ஏறும் முறை உங்களுக்குத் தெரியும். வீட்டு வாசலில் ஒரு குடும்பம், பிளாட்பாரத்தில் இரண்டு குடும்பம். தாதரில் கிருபை கைக்குழந்தையோடு பெண்கள் பெட்டிக்குப் போனாள். பையன்கள் இருவரும் என்னோடு ஏறினார்கள். எஸ்தர் மட்டும் "நான் அப்பா கூட" என்று என் பெட்டியில் ஏறினாள். உள்ளே பட்டாளத்துக்காரர்கள் கூட்டத்தைக் கண்டதும், "நான் அம்மா கூட" என்று இறங்கி ஓடினாள். அவள் பெண்கள் பெட்டிப் பக்கம் ஓடுவதை நான் பார்த்தேன். அதற்கு முன் அவள் என் பெட்டியில் ஏறியதைக் கிருபை பார்த்திருந்தாள். இருவரும் நிம்மதியாகப் பயணம் செய்தோம்! நான் அம்பர்நாத் வரை பக்கத்துச் சிப்பாய்க்குக் கைச்சாடையில் வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டு வந்தேன்.

அம்பர்நாத்தில் இறங்கினோம். கூட்டம் கலைந்தது.

"எஸ்தர எங்க காணோம்?" என்று கேட்டேன்.

"என்கிட்ட கேக்குதியளே! ஒங்ககூடல்லா ஏறினா?"

"ஒன்கிட்டல்லா ஓடி வந்தா?"

கிருபையின் முகம் வெளுத்தது. ரயில் பெட்டிகளைப் பழுது பார்ப்பதுதான் எனக்குப் பட்டறையில் தொழில். எந்தக் கதவு எப்படி மூடும், எந்தத் தாழ் எங்கே சிக்கும், எல்லாம் தெரியும். பெற்ற பிள்ளை எந்தக் கதவுக்குள் போனாள் என்பது மட்டும் தெரியவில்லை. என் வாயில் ஒரு வேடிக்கையும் வரவில்லை. தாதர் எத்தனை பெரிய ஸ்டேஷன்! எங்கே பார்த்தாலும் தண்டவாளம், சிப்பாய்கள், நாலு திசைக்கும் போகிற வண்டிகள். என் பிள்ளைக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது.

ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். தாதருக்குத் தகவல் கொடுக்கிறேன், பதில் வரும்வரை நில் என்றார். நிற்க என்னால் முடியவில்லை. எதிர்ப் பிளாட்பாரத்தில் பம்பாய் போகும் வண்டி வந்து நின்றது.

"நீ பையம்மார வச்சுக்கிட்டு இங்கயே இரி. நான் போயிட்டு வாரேன்."

"நானும் வாரேன். இனி இந்தக் குடும்பத்த ரெண்டாப் பிரிக்கதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்!"

எல்லாருமாகப் பாலத்தில் ஏறி ஓடினோம். ஓடிக்கொண்டே, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தூங்காமல் ஜெபித்தேன். "ஆண்டவரே, இந்த ஒரு வண்டியப் பிடிச்சுத் தாரும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கடைசிப் படியில் கால் இடறியது. நான் விழவில்லை. டின் விழுந்தது. மூடி ஒரு பக்கம் உருண்டது, முந்திரிக்கொத்து எட்டுத் திக்கிலும் உருண்டது. பிள்ளை தொலைந்த தகப்பன் என்ன செய்ய வேண்டும்? நான் குனிந்து பொறுக்கினேன்! ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. கை அதுவாகப் போயிற்று.

"ஏங்க! முந்திரிக்கொத்தா பொறுக்குதிய? வண்டி போகுது!"

நிமிர்ந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது. நான் மட்டும் தாவி ஏறியிருக்கலாம். ஆனால் கிருபை என் சட்டையை விடவில்லை. கடைசிப் பெட்டியும் போயிற்று. நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். "ஒரு வண்டிதான கேட்டேன்? அதுகூட உம்மால முடியலியா?" என்று ஆண்டவரைச் சத்தமாகவே கேட்டேன். கைக்குழந்தை வீறிட்டது. சாமுவேல் தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது நாங்கள் வந்த பிளாட்பாரத்தில் பம்பாயிலிருந்து அடுத்த வண்டி வந்தது. போனது. புகைமாதிரி தூசி அடங்கியது. தலையில் மீன் கூடை, இடுப்பில் ஒரு பிள்ளை, கோளி என்கிற மீனவர் குலத்துப் பெண் ஒருத்தி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் இருந்த பிள்ளையின் பாவாடை எனக்குத் தெரிந்த பாவாடை!

"எஸ்தரே!"

பாலத்தை எப்படித் தாண்டினேன் என்று கேட்காதீர்கள். படியை மிதித்ததாக ஞாபகம் இல்லை. பிள்ளையை வாங்கினேன். உச்சி முதல் கால் வரை மீன் வாசம். அதைவிட நல்ல வாசனையை நான் இதுவரை முகர்ந்ததில்லை.

"நீங்க எல்லாரும் தொலைஞ்சு போயிட்டியளேன்னு நான் தேடிட்டு வாரேன்" என்று எஸ்தர் என்னை அதட்டினாள்.

பெண்கள் பெட்டியை எட்டுமுன்னே வண்டி கிளம்பிவிட, தாதர் பிளாட்பாரத்தில் அழுது நின்ற பிள்ளை "அம்பர்நாத், மாமா" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். தாய்மாமனுக்கு மராட்டியிலும் மாமாதான். சந்தைக்காகக் கல்யாண் ஸ்டேஷனில் இறங்க வேண்டிய அந்த அம்மாள், விற்க வேண்டிய மீனோடு, கல்யாணையும் தாண்டி வந்திருக்கிறாள். என்னை மராட்டியில் வெளுத்து வாங்கினாள். பாதி புரியவில்லை. புரிந்த பாதிக்கு நான் முழுத் தகுதி உடையவன். கிருபை அவள் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த அம்மாளும் அழுதுவிட்டாள். டின்னில் மிஞ்சியிருந்த முந்திரிக்கொத்தை அப்படியே அவள் கூடையில் வைத்தோம். ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். பல் இறங்கவில்லை. அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. கீழே விழுந்தவை? தானியேல் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

சகோதரரே, சகோதரிகளே, நான் கேட்டபடி அந்த வண்டியைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாங்கள் பம்பாய்க்கு ஓட, எங்கள் பிள்ளை வந்த வண்டி வழியில் எங்களைக் கடந்து போயிருக்கும். அம்பர்நாத்தில் அவளை இறக்கிவிட்ட அந்த அம்மாள் யாரிடம் ஒப்படைத்திருப்பாள்? மச்சான் ஆலையில் இருந்தார். அவர் வீடு எது என்று எஸ்தருக்குச் சொல்லத் தெரியாது. வண்டி வேண்டும் என்று வாயால் கேட்டேன். பிள்ளை வேண்டும் என்று நெஞ்சு கேட்டது. ஆண்டவர் வாயை விட்டுவிட்டு நெஞ்சுக்குப் பதில் கொடுத்தார். அதற்கு என் தீனி ஆசையைக்கூட உபயோகப்படுத்திக்கொண்டார்!

அதற்குப் பிறகு எங்கள் குடும்பம் ரயிலில் பிரிந்து ஏறுவதில்லை. கூட்டம் குறைந்த வண்டி வரும்வரை நின்று, ஆறு பேரும் ஒரே பெட்டியில் ஏறுகிறோம். ராத்திரி ஜெபத்தில் நான் தூங்குவதும் குறைந்திருக்கிறது. கிருபை பக்கத்தில் இருந்து கிள்ளுகிறாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்ததும் உடனே ஆமென் சொல்லி எழுந்துவிடாமல், பதிலுக்குக் கொஞ்சம் இடம் விட்டு நிற்கப் பழகியிருக்கிறேன்.

உங்களில் யாராவது, கேட்ட வண்டி கண்ணெதிரே போய்விட்டதே என்று இன்றைக்கு உட்கார்ந்து அழுகிறீர்களா? அழுங்கள், நானும் அழுதேன். ஆனால் தலையைக் கவிழ்த்துக்கொள்ளாதீர்கள். எதிர்ப் பிளாட்பாரத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே அழுங்கள்.