பகல் நித்திரைக் காவல்

அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்ட காலையில் கூடியிருந்தவர்கள் அப்பா, அம்மா, பெரியமாமி, ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். சித்தப்பா உள்ளறையில் நித்திரை. சித்தி மன்னாரில், சத்திரசிகிச்சை முடிந்திருந்த தன் தாயாருக்குத் துணையாக. தீர்மானம் சித்தப்பாவைப் பற்றியது. சித்தப்பாவைப் பற்றி உண்மையில் தெரிந்த ஒரே ஆள் சித்தி. ஆனால் எங்கள் வீட்டில் கூட்டம் வைப்பதற்கு விஷயம் தெரிந்தவர்கள் வேண்டும் என்று எவரும் நினைப்பதில்லை.

சித்தப்பாவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை சேலைன் ஏற்றி, வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. காய்ச்சல் போய்விட்டது, சித்தப்பாதான் இன்னும் திரும்பி வரவில்லை. கிணற்றடிக்குப் போய் வந்தால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். விடிந்ததும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்.

பெரியமாமிதான் காரணத்தைக் கண்டுபிடித்தார். "காய்ச்சலாலை எழும்பின ஆள் பகலிலை படுத்தா, போன காய்ச்சல் வந்த வழியாலை திரும்பி வரும். நான் எத்தினை பேரைப் பாத்திட்டன்."

"ஓம், ராவிலை மனிசர் மாதிரிப் படுக்கட்டும். பகலிலை கண்மூட விடாதேங்கோ" என்று அப்பாவும் கொட்டாவி விட்டபடி சொன்னார். சொல்லிவிட்டு, இரவு முழுக்கக் கடலில் நின்று வந்த களைப்புக்குப் பாயை விரித்துப் படுத்தார். அப்போது காலை ஒன்பது மணி.

காவல் வேலை அம்மாவுக்கும் எனக்கும் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்வரை அம்மா. அதற்குப் பிறகு ஆறு மணிக் கோயில் மணி அடிக்கும்வரை நான். சனி ஞாயிறு முழுநாளும் நான்தான். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் எவரும் இல்லை. நான் தாண்டப்போகிறேன் என்று எல்லாருக்கும் நம்பிக்கை இருந்ததால், பொறுப்பான வேலை என்றால் என்னிடம் தருவார்கள். நானும் பொறுப்பைத் தலைகீழாக நின்று காப்பாற்றுகிற பிள்ளை.

காவலுக்கு நான் கண்டுபிடித்த ஆயுதம் வாய்ப்பாடு. சித்தப்பாவின் கண் சொருகும்போது தோளில் தட்டி, "பதின்மூண்டு ஏழு எத்தினை?" என்று கேட்பேன்.

"டேய் தம்பி, பத்து நிமிசம் விடடா. ஐஸ்கிறீம் வாங்கித் தாறன்."

"லஞ்சம் வேண்டாம் சித்தப்பா. பதின்மூண்டு ஏழு?"

"தொண்ணூத்தொண்டு. உன்னைப் பெத்த நேரம் எங்கடை அண்ணை ஒரு பொலிஸ்காரனைப் பெத்திருக்கலாம்."

இரவில் அவர் நித்திரை கொள்வதில்லை என்று அம்மா சொல்லிக் கேட்டேன். முற்றத்தில் கதிரையைப் போட்டு விடியும்வரை இருப்பாராம். பகல் முழுக்க விழித்திருந்த ஆளுக்கு இரவில் ஏன் நித்திரை வரவில்லை என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. பகலில் களவாகக் கண்மூடுகிறார் என்று பெரியமாமி சொல்ல, என் காவல் இன்னும் இறுகியது. ஒவ்வொரு நாளும் கோயில் மணி அடித்ததும் கதவுக்குப் பின்னால் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவேன். ஒரு கோடு என்றால் நான் வென்ற ஒரு நாள்.

சித்தப்பா வேலை செய்த மீன்பிடிப் போட்டின் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருநாள் பார்க்க வந்தார். சித்தப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தவக்காலம் தொடங்கினா சனம் இறைச்சியை விட்டிடும், மீனுக்கு நல்ல விலை. அதுவரைக்கும் உன்ரை இடத்துக்கு ஆளெடுக்கமாட்டன். அதுக்குப் பிறகு என்னைக் குறை சொல்லாதை" என்றார். சித்தப்பா, "வந்திடுவன் அண்ணை" என்றார். வாசல்வரை கூடப் போனவர் திரும்பி வரும்போது நடுவழியில் ஒருமுறை குந்தினார்.

அதற்குப் பிறகு, உடம்பைப் பழக்கவென்று கிழிந்த வலையைப் பொத்த உட்கார்ந்தார். அவர் என் வயதில் பழகிய வேலை. கதைத்துக்கொண்டே, பார்க்காமலே செய்வார். அன்று ஊசி பாதியில் நின்றது. வலையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த முடிச்சு எப்பிடியடா தம்பி?"

பெரிய ஆள் ஒருவர் என்னிடம் பாடம் கேட்கிறார் என்று எனக்குச் சந்தோசம். அவர் சொல்லித்தந்த முடிச்சை அவருக்கே போட்டுக் காட்டினேன். அன்றும் ஒரு கோடு போட்டேன்.

சித்தியிடம் "சின்னக் காய்ச்சல், மாறீட்டுது" என்றுதான் சொல்லியிருந்தோம். சித்தப்பாவும் தொலைபேசியில் "நான் சுகம்" என்பார். தாயார் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு சித்தி வந்து இறங்கியபோது பகல் மூன்று மணி. சித்தப்பா சுவரில் சாய்ந்தபடி பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுக்கிக்கொண்டிருந்தார். நான் அடிமட்டக் கோலோடு எதிரே நின்றேன்.

சித்தி பையைக் கீழே வைக்கவில்லை. "என்ன செய்யிறியள் இந்த மனுசனை?"

"பகல் நித்திரை கூடாது சித்தி. காய்ச்சல் திரும்பி வரும்" என்றேன், பாடம் ஒப்புவிப்பது போல.

"பதினைஞ்சு வரியமா இந்த மனுசன் பகலிலைதானே படுத்தது! ராவிலை கடலிலை நிண்ட உடம்புக்கு ராவிலை எப்பிடியடா நித்திரை வரும்? பகலிலை நீங்கள் விடேல்லை. அப்ப இந்த ஆள் எப்ப படுக்கிறது?"

பக்கத்து அறையிலிருந்து அப்பாவின் குறட்டை தெளிவாகக் கேட்டது. அம்மா அந்தப் பக்கம் பார்த்தார். பெரியமாமி தலையைக் குனிந்துகொண்டார். காய்ச்சல்காரன் என்று பார்த்த கண்ணுக்கு அவர் கடற்றொழில் செய்கிறவர் என்பது மறந்துபோயிருந்தது.

சித்தி தன் கறுப்புச் சேலையை ஜன்னலில் கட்டினார். அவர் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்தே எங்கள் வீட்டில் பகலில் அந்தச் சேலை தொங்கும். மீன் சந்தைச் சத்தத்தையும் ஐஸ்பழக்காரனையும் வாசலில் நின்று துரத்துவார். நாங்கள்தான் அதைக் கவனித்ததில்லை. என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, "இனி உள்ளுக்கு ஆரையும் விடாதை. உன்னையும்தான்" என்றார்.

மறுகிழமை சித்தி அவரை மருந்துக்குக் கூட்டிப்போனபோது டாக்டரும் முதலில் நித்திரையைத்தான் கேட்டாராம். பகலோ இரவோ, வருகிற நேரம் கொள்ளட்டும். பிறகு மெல்ல மெல்ல மாற்றலாம். ஒரேயடியாகத் தேறாது, பொறுமை வேண்டும் என்றாராம். அப்படித்தான் நடந்தது. சித்தப்பா மறுபடி கடலுக்குப் போனபோது சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கியிருந்தது. தவக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அவருடைய இடத்தில் வேறொருவர் நின்றார். சித்தப்பா அப்பாவின் போட்டில், ஒரு ஆளின் பங்கில் பாதிக்குத்தான் ஏறினார்.

நான் இப்போது தாதியர் பட்டப்படிப்பில் இருக்கிறேன். காய்ச்சல் விட்டபிறகும் களைப்பு விடாதவர்கள் வந்தால், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று மட்டும் நான் கேட்பதில்லை. காய்ச்சலுக்கு முன்னர் எப்போது படுத்தீர்கள், என்ன தொழில் என்றும் கேட்கிறேன். நித்திரை கெட்டதால் நோய் நீள்கிறதா, நோய் நீள்வதால் நித்திரை கெடுகிறதா என்பதைப் படித்தவர்கள் இன்னும் முழுதாகப் பிரித்துச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கையை இறுக்கிக் கட்டி வைத்தவன் நான்.

அந்த வருடம் யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது, கதவுக்குப் பின்னால் என் கரிக்கோடுகள் இருந்த ஒரு முழ இடத்தை விட்டு அடிக்கச் சொன்னார் சித்தப்பா. "எங்கடை பொலிஸ்காரன்ரை கணக்கு, கிடக்கட்டும்" என்று சிரித்தார். என் உழைப்பை மதிக்கிறார் என்று நானும் பெருமையாகச் சிரித்தேன். போன கிழமை வீட்டுக்குப் போனபோது அந்தக் கதவைச் சாத்திவிட்டு எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு பகல்.